சிறிய மேப்பிள் சிரப் கொட்டகை அமைப்பது எப்படி: மரம் எண்ணுவதிலிருந்து பாட்டில் மூடுவது வரை

மேப்பிள் மரத்தின் சாற்றைச் சுண்டவைத்து மேப்பிள் சிரப் காய்ச்சப் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அடுப்பைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எவாப்பரேட்டர் (சாற்றைச் சுண்டவைக்கும் அடுப்பும் கொப்பரையும் சேர்ந்தது) ஒன்றைப் பார்த்ததும் கை தானாகப் பைக்குள் போய்விடுகிறது. அப்புறம் அதற்கேற்ற கொட்டகை, அதற்கேற்ற விறகு. கடைசியில்தான் "நம்மிடம் எத்தனை மரம் இருக்கிறது?" என்ற கேள்வி வருகிறது.

வரிசை அப்படியே தலைகீழ். மரம், ஒரு நாள் சாறு, காய்ச்சும் நேரம், கொப்பரையின் பரப்பு, கொட்டகை, விறகு என்று போனால் பணமும் மிச்சம், மார்ச் மாத இரவுகளில் தூக்கமும் மிச்சம்.

இந்த வழிகாட்டி தெற்கு ஒன்டாரியோவில் சாறு வடிக்க மரங்களில் சுமார் 50 துளை போடக்கூடிய சிறு தோப்பு வைத்திருப்பவர்களுக்கானது. கவார்த்தா ஏரிகள் பக்கம், பீட்டர்பரோ பக்கம் என்று டொரொண்டோவிலிருந்து நகர்ந்து நிலம் வாங்கியிருக்கும் நம்மவர்கள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். வெர்மான்ட், கியூபெக், நியூ பிரன்ஸ்விக் எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான், தேதிகள் மட்டும் முன்பின்னாக மாறும்.

ஒரு கணக்கை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம், சிரப்பில் 66 சதவீதம். 86ஐச் சாற்றின் சர்க்கரை அளவால் வகுத்தால் ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று தெரியும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். அதாவது 42 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிக் கூரைக்கு வெளியே அனுப்ப வேண்டும். கொட்டகையில் எதைச் செய்தாலும் அந்தத் தண்ணீர் வேகமாகப் போக அது உதவுகிறதா என்று கேளுங்கள்.

1. இலை இருக்கும்போதே மரங்களை அடையாளம் வையுங்கள்

பிப்ரவரியில் எல்லா மரமும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் நிற்கும். அப்போது போய் மேப்பிள் எது, ஆஷ் எது என்று தேடினால் குழப்பம்தான். இரண்டிலும் கிளைகள் எதிரெதிராகவே கிளம்பும். அதனால் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே இலையைப் பார்த்து அடையாளம் கண்டு ரிப்பன் கட்டிவிடுங்கள்.

முதல் தேர்வு சுகர் மேப்பிள். சிவப்பு மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் பயன்படும்தான், ஆனால் அவற்றின் சாற்றில் சர்க்கரை பொதுவாகக் குறைவு. மொட்டும் சீக்கிரம் விடும், அதனால் சீசன் சுருங்கும்.

நெஞ்சு உயரத்தில் தண்டின் குறுக்களவு 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தையல் டேப்பைச் சுற்றிப் பிடித்தால் சுமார் 80 சென்டிமீட்டர் காட்டும். அதற்குக் குறைந்த மரத்தை விட்டுவிடுங்கள். துளை போட்ட இடத்தில் மரம் உள்ளே ஒரு கோடாகச் செத்துப்போகும், சிறிய மரத்துக்கு அதைத் தாங்கி வளரும் பரப்பு போதாது. குறுக்களவு 45 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது சுற்றளவு 140 போல் வந்தால், இரண்டாவது துளை போடலாம். எவ்வளவு பெரிய மரமானாலும் சின்னப் பண்ணைக்கு இரண்டோடு நிறுத்துவதுதான் என் வழக்கம்.

2. கணக்குப் போடாமல் எதையும் வாங்காதீர்கள்

வாளி வைத்து எடுக்கும்போது ஒரு துளையிலிருந்து சீசன் முழுக்கச் சுமார் 40 லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம். 50 துளைக்கு 2,000 லிட்டர் சாறு, 45 லிட்டர் சொச்சம் சிரப். இது வருடக் கணக்கு. கொட்டகையை அளக்க உதவுவது இதுவல்ல, ஒரு நல்ல நாளின் கணக்கு.

சாறு தினமும் சீராக வராது. இரவில் மைனஸ் 5, பகலில் பிளஸ் 5 என்று இருக்கும் நாட்களில் கொட்டும், மற்ற நாட்களில் சொட்டாது. கொட்டும் நாளில் துளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 50 துளைக்கு 200 லிட்டர். அந்த 200 லிட்டரை எத்தனை மணி நேரத்தில் காய்ச்சி முடிக்க உங்களுக்கு வசதி?

தட்டையான அடிப்பாகம் கொண்ட கொப்பரை, நல்ல தீயில், ஒரு சதுர அடிக்கு மணிக்குச் சுமார் 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆவியாக்கும். 2க்கு 4 அடிக் கொப்பரை என்றால் 8 சதுர அடி, மணிக்கு 30 லிட்டர். 200 லிட்டருக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம், சூடேற்றவும் முடிக்கவும் இன்னும் ஒன்றரை மணி. மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு இதுவே எல்லை. 2க்கு 3 அடி வாங்கினால் விலை குறையும், நள்ளிரவு தாண்டும்.

அடியில் ஆழமான மடிப்புகள் கொண்ட ஃபுளூ கொப்பரை தீயைத் தொடும் பரப்பைப் பல மடங்காக்குவதால் அதே இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆவியாக்கும். விலையும் அதற்கேற்றபடி ஏறும், சுத்தம் செய்வதும் கடினம். 50 துளைக்குத் தட்டைக் கொப்பரை போதும். 100ஐத் தாண்டப் போகிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் ஃபுளூவுக்குப் போங்கள்.

வீட்டுச் சமையலறை அடுப்பில் காய்ச்சலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் சிரப்புக்கு 42 லிட்டர் தண்ணீர் உங்கள் சமையலறைச் சுவரில் படியும். பெயின்ட் உரியும், அலமாரிக் கதவு உப்பும். வேண்டாம்.

3. இடம்: சாறு கீழே இறங்கட்டும்

நீங்கள் தூக்கும் ஒவ்வொரு 20 லிட்டர் வாளியும் 20 கிலோ. பனியில் முழங்கால் புதைய அதைத் தூக்கி மேட்டில் ஏறினால் ஒரே வாரத்தில் ஆசை விட்டுப்போகும். அதனால் மரங்களுக்குக் கீழ்ப்பக்கச் சரிவில் கொட்டகை இருக்கட்டும். நாளைக்கு வாளியை விட்டுக் குழாய் போட நினைத்தாலும் இந்தச் சரிவுதான் உதவும்.

வண்டி வந்து நிற்க இடம் வேண்டும். மார்ச்சில் நிலம் உருகிச் சேறாகும், அந்தச் சேற்றிலும் வண்டி வர வேண்டும் என்பதை மறந்துவிட்டு, கோடையில் பார்த்த பசும்புல்லை நம்பி இடம் குறித்துவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சேமிப்புத் தொட்டி கொட்டகையின் வடக்குப் பக்கம், நிழலில், கொப்பரையைவிட உயரமாக இருக்க வேண்டும். நிழல் எதற்கு என்றால் சாறு பாலைப் போலக் கெடும் பொருள். உயரம் எதற்கு என்றால் மோட்டார் இல்லாமல் தானாகவே கொப்பரைக்கு இறங்கும்.

கட்ட ஆரம்பிக்கும் முன் உங்கள் ஊர் நகராட்சியில் கட்டட அனுமதி பற்றியும், காப்பீட்டு நிறுவனத்தில் விறகு அடுப்பு பற்றியும் கேட்டுவிடுங்கள். சிரப்பை விற்கும் எண்ணம் இருந்தால் மாகாண விதிகளையும் இப்போதே படியுங்கள். கியூபெக்கில் உற்பத்தியாளர் கூட்டமைப்பின் ஒதுக்கீட்டு முறை உண்டு, ஒன்டாரியோவில் அது கிடையாது.

4. கட்டடம்: ஆவி வெளியே, காற்று உள்ளே

2க்கு 4 அடி அடுப்புக்கு 12க்கு 16 அடிக் கொட்டகை தாராளம். அடுப்பின் இருபுறமும் மூன்றரை, நான்கு அடி நடக்க இடம் விடுங்கள். தீக்கதவின் முன்னால் ஐந்து அடியாவது வேண்டும். கையில் விறகோடு திரும்பும்போது இடிக்கக் கூடாது, வெப்பமும் முகத்தில் அறையும். தீக்கதவு விறகு அடுக்கியிருக்கும் பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும்.

இந்தக் கட்டடத்தில் முக்கியமான பாகம் சுவரோ கதவோ அல்ல, கூரை உச்சியில் இருக்கும் ஆவிக்கூண்டு. மணிக்கு 30 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. அதற்கு வழி இல்லாவிட்டால் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு உள்ளே மூட்டம் போடும், கூரைத் தகரத்தில் குளிர்ந்து சொட்டும், அந்தச் சொட்டு துருவையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு கொப்பரையிலேயே விழும்.

கூண்டின் திறப்பு குறைந்தபட்சம் கொப்பரையின் பரப்பளவாவது இருக்க வேண்டும், இன்னும் சற்றுப் பெரிதாக இருந்தால் நல்லது. கொப்பரைக்கு நேர் மேலே வையுங்கள். இரு பக்கமும் கீல் வைத்த கதவு போட்டு, கயிற்றால் கீழிருந்தே திறக்கும்படி செய்யுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கத்தை மட்டும் திறக்கும் வசதி இருந்தால்தான் பலத்த காற்று நாளில் ஆவி திரும்பி உள்ளே வராது.

கூண்டு மட்டும் போதாது. மேலே போகும் ஆவிக்கும், புகைக்குழாய் இழுக்கும் காற்றுக்கும் ஈடாகக் கீழிருந்து காற்று உள்ளே வர வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாக் கதவையும் சாத்தினால், தீ தனக்கு வேண்டிய காற்றை ஆவிக்கூண்டு வழியாகவே கீழே இழுக்கும். ஆவி மேலே போகாமல் சுழலும். "கூண்டு பெரிதாகத்தான் வைத்தேன், ஆனாலும் மூட்டம் போகவில்லை" என்று சொல்கிறவர்களின் கொட்டகையில் நான் முதலில் செய்வது கதவைத் திறப்பதுதான். சாம்பல் பெட்டிக்கு நேராக வெளியிலிருந்து ஒரு குழாயும், சுவரின் அடியில் வலை போட்ட இரண்டு திறப்பும் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

தரை காங்கிரீட்டாக, வடிகால் நோக்கிச் சற்றுச் சரிவாக இருந்தால் கழுவ எளிது. செலவு கட்டுப்படியாகாவிட்டால் நன்றாக இறுக்கிய ஜல்லி போதும். ஆனால் அடுப்பின் கீழே மட்டுமாவது உறுதியான தளம் வேண்டும். பனி உருகும்போது நிலம் அசையும், அடுப்பு சாயும், கொப்பரையின் ஒரு மூலை வற்றும்.

கொப்பரைக்கு மேலே ரசாயனம் ஏற்றிய மரத்தைப் பயன்படுத்தாதீர்கள், ஆவி பட்டு அதிலிருந்து சொட்டுவது சிரப்பில்தான் சேரும். விளக்குகளுக்குக் கண்ணாடி உடைந்தாலும் சிதறாத மூடி போடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் தீயணைப்பானும் கதவருகே இருக்கட்டும். பாட்டில் நிரப்ப ஒரு மூலையைத் தடுத்து வைத்தால் சாம்பல் பறந்து வந்து விழாது.

5. அடுப்பும் கொப்பரையும்

அடுப்பின் உள்பக்கம் தீச்செங்கல் அல்லது செராமிக் போர்வை வைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் வெப்பத்தில் பெரும்பங்கு பக்கத் தகரம் வழியாக உங்கள் முழங்காலுக்குத்தான் போகும், தகரமும் வளையும்.

தட்டைக் கொப்பரைக்கு இன்னொரு விஷயம் முக்கியம். தீ எரியும் இடத்துக்குப் பின்னால் தரையை அப்படியே ஆழமாக விட்டால் சூடான வாயு அடியில் தூங்கிக்கொண்டே புகைக்குழாய்க்குப் போய்விடும். தீப்பெட்டியின் பின்சுவரிலிருந்து ஒரு சரிவு எழுப்பி, பின்பாதியில் கொப்பரைக்கும் தளத்துக்கும் நடுவே ஓரிரு அங்குல இடைவெளி மட்டும் விடுங்கள். வாயு கொப்பரை அடியை உரசிக்கொண்டே போகும். காசு செலவில்லாமல் கொதியைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பழைய ஃபைலிங் கேபினட்டை வெட்டி அடுப்பாக்குகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

கொப்பரை உணவுத் தரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, ஈயம் கலந்த சால்டர் இல்லாமல் வெல்டிங் செய்ததாக இருக்க வேண்டும். பழைய பண்ணை ஏலங்களில் அழகான பழங்காலக் கொப்பரைகளும் வாளிகளும் மலிவாக வரும். இணைப்புகளில் ஈயம் இருக்கும், சாறு சுண்டச் சுண்ட ஈயமும் செறிவாகும். அவற்றைச் சுவரில் மாட்டுங்கள்.

தடுப்புகள் வைத்த கொப்பரை வாங்குவது நல்லது. ஒரு முனையில் சாறு நுழைந்து, தடுப்புகளைச் சுற்றி வளைந்து, மறு முனையில் சிரப்பாக வெளிவரும். புதுச் சாறு பழைய பாகோடு கலக்காததால் சர்க்கரை வெகுநேரம் தீயில் கிடந்து கறுக்காது. தடுப்பு இல்லாத கொப்பரையில் நாள் முழுக்கச் சாற்றை ஊற்றிக்கொண்டே இருந்தால் காலையில் ஊற்றியதும் இரவு வரை கொதிக்கும். சுவை கெடாது, ஆனால் அழுத்தமாகும், நிறமும் நன்றாகக் கறுக்கும்.

குளிர்ந்த சாறு கொப்பரையில் விழும் இடத்தில் கொதி அடங்கும். கொப்பரைக்கு மேலே ஓரமாக ஒரு சிறு ஸ்டீல் பாத்திரம் வைத்து, அதில் சாறு சூடாகி மெல்லிய தாரையாக இறங்கும்படி செய்தால் கொதி தடைபடாது.

புகைக்குழாய் கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, சுற்றி 10 அடிக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் இழுவை போதாது, தீ சோம்பும். கூரையில் நுழையும் இடத்தில் மரச்சட்டத்திலிருந்து விதிப்படி இடைவெளி விடுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு 18 அங்குலம் வழக்கம்.

6. விறகு: இந்த வருடத்துக்கு உரியதைப் போன வருடமே வெட்டுங்கள்

பச்சை விறகில் பாதிக்குப் பாதி தண்ணீர். சாற்றின் தண்ணீரைப் போக்க விறகின் தண்ணீரை முதலில் போக்குவது என்ன கணக்கு?

விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து வையுங்கள். வீட்டைச் சூடாக்க வைக்கும் தடித்த கட்டை இங்கே உதவாது, அது மெதுவாக நெடுநேரம் எரியவே வெட்டப்படுவது. நமக்கு வேண்டியது வேகமான, நீண்ட சுவாலை.

தோராயமாக 95 லிட்டர் சிரப்புக்கு ஒரு முழுக் கார்ட் (அடுக்கிய விறகை அளக்கும் அளவு) விறகு என்பார்கள். தட்டைக் கொப்பரை அதைவிடக் கூடுதலாகத் தின்னும், அதனால் 50 துளைக்கு ஒரு முழுக் கார்ட் அடுக்கி வைத்தால் பயமில்லை. வாங்கும்போது கவனம். ஒன்டாரியோவில் "புஷ் கார்ட்" என்றால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம். "ஃபேஸ் கார்ட்" என்றால் அதே உயரமும் நீளமும்தான், ஆனால் ஆழம் 16 அங்குலம் மட்டும். மூன்றில் ஒரு பங்கு! "ஒரு கார்ட்" என்று மட்டும் சொல்லி வாங்கியவர்கள் சீசன் நடுவில் வேலிக் கம்பைப் பிடுங்கி எரித்த கதையெல்லாம் உண்டு.

7. துளை, வாளி, தேக்கம்

தெற்கு ஒன்டாரியோவில் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் துளை போடும் வேலை வரும். காலண்டரை நம்பாமல் பத்து நாள் வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மிகவும் சீக்கிரம் போட்டால் துளையில் நுண்ணுயிர்கள் படிந்து, நல்ல ஓட்டம் வரும்போது துளை அடைபடத் தொடங்கியிருக்கும்.

ஸ்பைல் எனப்படும் சிறு குழாய்க்கு இப்போது 5/16 அங்குலம்தான் வழக்கம். கூரான, சுத்தமான துளைக்கருவியால் ஒன்றரை அங்குல ஆழம், சற்றே மேல்நோக்கிச் சாய்வாகப் போடுங்கள். சாறு தானாக வழிய அந்தச் சாய்வு போதும். வரும் தூள் வெளிர் நிறமாக இருந்தால் உயிருள்ள மரம். பழுப்பாக வந்தால் பழைய காயம், இடம் மாற்றுங்கள். போன வருடத் துளைக்கு நேர் மேலும் கீழும் போடாதீர்கள், பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள்.

ஸ்பைலைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் "டொக் டொக்" என்ற சத்தம் ஒரு கட்டத்தில் கனத்து மாறும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு அடி கொடுத்தால் மரம் பிளந்து சாறு ஓரமாகக் கசியும்.

வாளிக்கு மூடி கட்டாயம். மழைநீரும் பனியும் விழுந்தால் அதையும் நீங்கள்தான் காய்ச்சி வெளியேற்ற வேண்டும். வாளியில் பனிக்கட்டி மிதந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், அது பெரும்பாலும் தண்ணீர்தான். சர்க்கரை கீழே உள்ள திரவத்தில் இருக்கும்.

சேமிப்புத் தொட்டி இரண்டு நல்ல நாட்களின் சாற்றைக் கொள்ளட்டும், நம் கணக்கில் 400 லிட்டர். சாறு 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் அன்றைக்கே காய்ச்சிவிடுங்கள். வெயிலில் நின்ற சாற்றில் நுண்ணுயிர்கள் சுக்ரோஸை உடைக்கும், சிரப் கறுக்கும். பாலாகக் கலங்கி, இழுத்தால் நூலாக வரும் சாற்றைக் கொட்டிவிடுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்ற நினைப்பு விறகுக்கு நஷ்டம்.

8. முதல் தீ: தண்ணீரில் ஒத்திகை

சாறு வருவதற்கு ஒரு வாரம் முன்பே கொப்பரை நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். புதுக் கொப்பரையில் உற்பத்தியின்போது ஒட்டிய எண்ணெய் போகும். அதைவிட முக்கியம், கசிவு எங்கே, சாய்வு எங்கே, புகை எங்கே வெளிவருகிறது என்பது தெரிந்துவிடும். நான்கு மூலையிலும் அளவுகோலால் ஆழத்தை அளந்து, வித்தியாசம் இருந்தால் அடுப்பின் காலைச் சரி செய்யுங்கள். பிறகு தண்ணீரை முழுக்கக் கொட்டிவிடுங்கள்.

9. காய்ச்சும் நாள்

கொப்பரையில் இரண்டு அங்குலம் சாறு நின்ற பிறகுதான் தீக்குச்சி. இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள், வெறும் கொப்பரை சில நிமிடங்களில் வளைந்துவிடும்.

கொதி பிடித்ததும் ஆழத்தை ஒன்றரை அங்குலத்தில் வையுங்கள். ஆழம் குறையக் குறைய சாறு கொப்பரையில் தங்கும் நேரம் குறையும், நிறமும் சுவையும் மென்மையாக இருக்கும். புதியவர்கள் பயத்தில் நான்கு அங்குலம் நிரப்புகிறார்கள், ராத்திரி பத்து மணிக்கும் அது வெறும் இனிப்புத் தண்ணீராகவே நிற்கும். அதற்காக ஒரு அங்குலத்துக்குக் கீழே விடாதீர்கள். எந்த நேரமும் ஒரு வாளிச் சாறு கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மட்டம் திடீரென்று இறங்கினால் அதை ஊற்றிவிட்டுப் பிறகு காரணம் தேடலாம்.

ஏழிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக விறகு போடுங்கள். போனில் டைமர் வைத்துக்கொள்வது நல்லது. கதவைத் திறந்தவுடன் குளிர்ந்த காற்று புகுந்து கொதி அடங்கும், அதனால் விறகைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு திற, போடு, மூடு. குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் நடுவே காற்று போகும்.

நுரை பொங்கினால் ஒரே ஒரு துளி சூரியகாந்தி எண்ணெய் போதும், உடனே அடங்கும். வெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் விற்பதாக இருந்தால் பால் ஒவ்வாமை உள்ளவர்களை நினைத்துத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெயைத் தாராளமாக விட்டால் சிரப்பில் சிக்கு வாடை வரும்.

முடிக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். தணல் இன்னும் நெடுநேரம் கொதிக்க வைக்கும். வீட்டுக்குப் போகுமுன் கொப்பரையில் மூன்று நான்கு அங்குலம் சாறு விட்டு, தொட்டியிலிருந்து வரும் குழாயை மூடி, அதில் நிற்கும் சாற்றை வடித்துவிடுங்கள். இரவில் உறைந்தால் குழாய் வெடிக்கும்.

10. பதம், வடிகட்டல், பாட்டில்

தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாக வந்தால் சிரப். புத்தகத்தில் 104 என்று போட்டிருக்கும். ஆனால் காற்றழுத்தம் மாறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் மாறும். அதனால் காய்ச்சும் நாளெல்லாம் காலையில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து உங்கள் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 99.4 காட்டினால் அன்றைய பதம் 103.4. புயல் வரும் நாளில் இதை விட்டால் சிரப் இறுகிப்போகும்.

ஊரில் கருப்பட்டிப் பாகு காய்ச்சிப் பார்த்தவர்களுக்குக் கை சொல்லும் பதம் இங்கேயும் ஓரளவு கை கொடுக்கும். அகலமான கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் முதலில் சொட்டுச் சொட்டாக விழும். பதம் நெருங்கும்போது இரண்டு சொட்டு ஒன்று சேர்ந்து ஒரு திரை போலக் கரண்டி விளிம்பில் தொங்கி அறுபடும். ஆனாலும் இறுதித் தீர்ப்பு, சிரப்பில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டருடையதே. கொதிக்கும் சிரப்பை நீளமான கோப்பையில் ஊற்றியவுடன் மிதக்கவிட்டுச் சூடான கோட்டில், அதாவது 59 பிரிக்ஸில் (பிரிக்ஸ் என்பது சர்க்கரைச் சதவீதத்தின் அளவு) படியுங்கள். அதே சிரப் ஆறிய பிறகு 66 காட்டும். ஊற்றி வைத்துவிட்டுப் போன் பேசிவிட்டு வந்து படித்தால் அளவு பொய்யாகிவிடும்.

கனடாவில் சிரப் என்ற பெயரில் விற்க 66 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது, 68.9ஐத் தாண்டவும் கூடாது. குறைந்தால் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். கூடினால் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டும்.

சிறு கொப்பரையில் பதத்தை விறகுத் தீயின் மேலேயே பிடிப்பது நெருப்போடு விளையாட்டு. கடைசி இரண்டு டிகிரி மிக வேகமாக ஏறும், விறகுத் தீயை நினைத்த நொடியில் அணைக்க முடியாது. பதத்துக்குச் சற்று முன்பே எடுத்து, கேஸ் அடுப்பில் தனியாக முடியுங்கள். திருகைத் திருப்பினால் தீ அடங்கும். புதியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது, அனுபவம் வந்தவர்களும் வெட்கப்படாமல் செய்யலாம்.

சாறு சுண்டும்போது அதிலுள்ள கால்சியம் உப்புகள் மாவுபோலப் பிரியும். சர்க்கரை மணல் என்று இதைச் சொல்வார்கள். தீங்கில்லை, ஆனால் பல்லில் நறநறக்கும், சிரப் கலங்கலாக இருக்கும். ஃபெல்ட் என்ற தடித்த துணியால் ஆன கூம்பு வடிவ வடிகட்டிக்குள் இரண்டு மூன்று மெல்லிய முன்வடிகட்டிகளை அடுக்கி, எல்லாவற்றையும் வெந்நீரில் நனைத்துவிட்டு, சிரப் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். ஆறினால் இறங்காது. முதல் முன்வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதை மட்டும் தூக்கிவிடலாம், அடுத்தது தயாராக இருக்கும். ஃபெல்டைப் பிழியாதீர்கள், சோப்பும் போடாதீர்கள். அந்த வாசனை அடுத்த சிரப்பில் வந்து நிற்கும், போகவே போகாது.

வடிகட்டிய சிரப்பை 82 முதல் 85 டிகிரியில் பாட்டிலில் நிரப்பி, மூடி, உடனே படுக்க வையுங்கள். சூடான சிரப் மூடியின் உள்பக்கத்தையும் கழுத்தையும் தொட்டுக் கிருமி நீக்கும். அதற்குக் கீழே ஆறிவிட்டால் மீண்டும் சூடாக்குங்கள், ஆனால் 90ஐத் தாண்டிக் கொதிநிலைப் பக்கம் கொண்டுபோனால் புதிதாக மணல் பிரிந்து, வடிகட்டிய உழைப்பு வீண்.

11. ஆர்.ஓ. வாங்கலாமா?

வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. போலத்தான், ஆனால் இங்கே நமக்கு வேண்டியது அது தள்ளிவிடும் செறிவான பக்கம். 2 சதவீதச் சாற்றை 8 சதவீதமாக்கினால் நான்கில் மூன்று பங்கு தண்ணீர் தீ இல்லாமலேயே போய்விடும், விறகும் நேரமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும்.

முதல் வருடம் வேண்டாம் என்பேன். செறிவான சாறு இன்னும் வேகமாகக் கெடும், எடுத்தவுடன் காய்ச்சியாக வேண்டும். உள்ளே தண்ணீரைப் பிரிக்கும் சவ்வு உறைந்தால் போச்சு, அதற்குக் கதகதப்பான இடம் வேண்டும். கொட்டகையும் தீயும் கைக்குப் பழகிய பிறகு, இரண்டாம் வருடத்தில் பாருங்கள்.

12. சீசன் முடிவு

மொட்டு உப்பத் தொடங்கினால் சாற்றில் ஒரு கசப்பான, காய்கறி வேகும் வாடை வரும். கொதிக்கும் ஆவியில் மூக்கை வைத்தால் தெரிந்துவிடும். ஓடைத் தவளைகள் கத்த ஆரம்பித்துவிட்டால் அதிக நாள் இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தச் சாற்றை ஆசைப்பட்டுக் காய்ச்சி நல்ல சிரப்போடு கலக்காதீர்கள், மொத்தமும் கெடும்.

ஸ்பைல்களைப் பிடுங்கிவிடுங்கள். துளையில் மெழுகோ குச்சியோ அடைக்க வேண்டாம், மரம் தானே மூடிக்கொள்ளும். ஸ்பைல், வாளி எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவுங்கள். பிளீச் போட்டால் வாசனை இல்லாததை 1க்கு 20 என்று கலந்து, மூன்று முறை அலசுங்கள். பிளாஸ்டிக் குழாய்களுக்கு மட்டும் பிளீச் வேண்டாம், அது விட்டுச்செல்லும் உப்பு ருசிக்கு அணில்கள் வந்து குழாயையே கடித்து வைக்கும்.

கொப்பரையில் ஒட்டிய மணலுக்கு வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டால் பெயர்ந்து வரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கீறல் விழும், அடுத்த வருடம் மணல் அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும். கழுவிக் காயவைத்த கொப்பரையைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அடுப்பிலிருந்து சாம்பலை முழுக்க அள்ளிவிடுங்கள், ஈரம் கோர்த்த சாம்பல் கோடைக்குள் தகரத்தைத் தின்றுவிடும். புகைக்குழாயின் உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி, அடுத்த வருட விறகைப் பிளந்து அடுக்க ஆரம்பியுங்கள்.